ஓயாத மணி



பரீட்சை நெருங்கும்போதெல்லாம் தடிமன் என்று படுத்துவிடும் மாணவன் ஒருவன் முன்னொரு காலத்தில் என் வகுப்பில் இருந்தான். பாசாங்கு என்றெண்ணிப் பலர் முன்னிலையில் அவனைக் கடிந்துகொண்டேன். அச்செயல் இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது. ஏனென்பதை ஈற்றிற் கூறுவேன்.

நம் சிறுநீரகங்களின்மேல் தொப்பி கவிழ்த்தாற்போல அதிரீனல் சுரப்பிகள் அமைந்துள்ளன. பலவகைத் துன்பங்களுக்கு உள்ளாக்கப்பட்ட எலிகளில் இச்சுரப்பிகள் பருத்திருந்ததை, கனடாவின் மொன்றியல் நகரில் ஆய்வு நடத்திய ஹான்ஸ் செலி 1936இல் எடுத்துரைத்தார். இடுக்கண் வரும்போது இவை கோட்டிசோல் என்னும் ஓமோனைச் சொரிகின்றன. அது இரத்தத்திற் சர்க்கரையை உயர்த்தி உடலுக்கு வலுவூட்டும். கிருமியை எதிர்க்கையில் எழும் வீக்கமும் வெப்பமுமாகிய அழற்சி எல்லை மீறாதவாறும் காக்கும்.

ஆயின், ஓமோன் சுரந்தால் மட்டும் போதாது. அதன் கட்டளையை உயிரணுக்கள் ஏற்கவும் வேண்டும். பாடசாலை மணியை எண்ணிப் பாருங்கள். வேளைக்கு அடிக்கும் மணிக்குப் பிள்ளைகள் எழுந்து நிற்பர். நாள் முழுவதும் அடித்தால் எவர் செவிசாய்ப்பர்? கவலை மாதக்கணக்கில் நீடிக்கும்போது உயிரணுக்களும் அவ்வாறே மந்தமாகிவிடக்கூடும். அப்பொழுது அழற்சியை அடக்குவாரில்லை.

அமெரிக்காவில் ஷெல்டன் கோகன் என்பாரும் அவர்தம் குழுவினரும் இதுபற்றி 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உடல்நலமுள்ள 276 பேரின் மூக்கில் தடிமன் வைரசைத் துளியாக இட்டு, அவர்களைத் தனியே வைத்துக் கவனித்தனர். நீண்டகால நெருக்கடியில் இருந்தோரின் உயிரணுக்கள் கோட்டிசோலுக்கு இசையாதிருந்தன. அவ்வாறு இசையாதோரையே தடிமன் அதிகமாகப் பற்றியது. மூக்கொழுகலும் மூக்கடைப்பும் பெரும்பாலும் அழற்சியின் விளைவுகளே அல்லவா? அடங்காத அழற்சி தொய்வுக்கும் இருதய நோய்க்குங்கூடத் துணைபோவது.

நெருக்கடியே இல்லாத வாழ்வு எவர்க்கும் இல்லை. மணி அடிக்கத்தான் வேண்டும். அடித்தபின் ஓயவும் வேண்டும். நல்லுறக்கமும், விளையாட்டும், ஆறுதலாகப் பேசக்கூடிய ஒருவரின் துணையுமே அவ்வோய்வைத் தருவன.

அந்த மாணவனின் தந்தையார் பல மாதங்களாக நோயுற்றுக் கிடந்தார் என்பதையும், இரவெல்லாம் விழித்திருந்து பணிவிடை செய்தவன் அவனே என்பதையும் பின்னர்தான் அறிந்தேன். அவனுடைய தடிமனுக்கு அதுவே காரணமென்று துணிந்து கூற நான் வைத்தியன் அல்லேன். ஆயினும், கடிந்துகொள்ளுமுன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெற்றோரே, ஆசிரியரே, பிள்ளையின் நோயைப் பொய்யென்று தள்ளுமுன், அவன் வாழ்வில் எத்தனை நாளாக மணி ஓயாது ஒலிக்கின்றது என்று விசாரியுங்கள்.