கரை இருக்கு, வழி எங்கே?

(தலைப்பு: "நம்ம ஊருக்கு முதல் தேவை அகலமான சாலையா? சைக்கிளுக்குத் தனிப் பாதையா?" திருச்சியில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில், 'சைக்கிளுக்குத் தனிப் பாதையே' என்ற அணியில் பேசிய தமிழாசிரியையின் உரை.)

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எதிர்வரிசையில் அகலமாக உட்கார்ந்திருக்கும் அகலச் சாலை நண்பர்களே, (சிரிப்பு) காவிரித் தண்ணி குடிச்சு வளர்ந்த திருச்சி, ஸ்ரீரங்கத்துப் பெருமக்களே!

எனக்கு முன்னால் பேசிய நண்பர் என்ன முழக்கம் முழங்கினார்! "ரோடு அகலமா இருந்தா தினம் அரை மணி நேரம் மிச்சம்" என்றார். ஐயா, அவரை எனக்கு நல்லாத் தெரியும். மிச்சம் பிடிச்ச அந்த அரை மணி நேரத்தை எங்கே செலவு பண்றார் தெரியுமா? சத்திரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: அவர் டீ குடிக்கிறது உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?

பக்கத்து பெஞ்சுல எங்க வீட்டுக்காரர்தானேயா உட்கார்ந்திருக்கார்! (பலத்த சிரிப்பு)

இன்னொன்றும் சொன்னார். "சைக்கிள் ஏழையின் வண்டி, நாடு முன்னேறும்போது அதுக்கு எதுக்குத் தனிப் பாதை?" என்றார். நடுவர் அவர்களே, இதுக்குப் பதில் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன். என் கதையையே சொல்லுகிறேன்.

எனக்குப் பூர்வீகம் கீரனூர்ப் பக்கம் ஒரு கிராமம். புதுக்கோட்டை மாவட்டம். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் வந்தது. எழுத்துச் சொல்லிக் கொடுத்த கையோடு பெண்களுக்கு சைக்கிளும் சொல்லிக் கொடுத்தார்கள். அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அம்மா. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். அந்த லட்சத்தில் ஒருத்தி உங்கள் முன்னால் நிற்கிறேன்! (கைதட்டல்)

அப்போ எனக்குப் பத்தொன்பது வயசு. பார் வைத்த ஆம்பளை சைக்கிள், வாடகைக்கு எடுத்தது. தாவணி செயினில் மாட்டும், விழுவேன், எழுந்திருப்பேன். எங்க அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "பொம்பளப் புள்ள காலைத் தூக்கிப் போட்டு சைக்கிள் விட்டா ஊரு என்னடி சொல்லும்?" என்று தலையில் அடித்துக்கொள்ளும். நான் எங்கே பழகினேன் தெரியுமா ஐயா? ரோட்டில் இல்லை. ரோட்டில் பஸ் வரும். எங்க ஊர்க் கண்மாய்க் கரையில் பழகினேன். கரைமேல் வண்டி வராது. விழுந்தாலும் ஒரு பக்கம் புல்லு, இன்னொரு பக்கம் தண்ணி. (சிரிப்பு) தண்ணியிலும் ரெண்டு தடவை விழுந்தேன்!

அன்றைக்கு அந்தக் கரை மட்டும் இல்லாவிட்டால் நான் சைக்கிள் பழகியிருக்க மாட்டேன். சைக்கிள் பழகாவிட்டால் பக்கத்து ஊர் போய் டைப் படித்திருக்க மாட்டேன், காலேஜ் போயிருக்க மாட்டேன், இந்த மைக் முன்னால் நின்றிருக்க மாட்டேன். ஏழையின் வண்டி என்றீர்களே நண்பரே, அந்த வண்டிதான் ஏழை வீட்டுப் பெண்ணை வாசப்படி தாண்ட வைத்தது! (பலத்த கைதட்டல்)

வாக்கப்பட்டு ஸ்ரீரங்கம் வந்தேன். மகள் பிறந்தாள். 2017-ல் பதினொன்றாம் வகுப்பு. அரசாங்கத்தில் விலையில்லா சைக்கிள் கொடுத்தார்கள். அதற்குப் பொட்டு வைத்து, பூ வைத்து, எலுமிச்சம்பழம் ஏற்றி அனுப்பினேன். மூணாவது வாரம் மாம்பழச்சாலைத் திருப்பத்தில் ஒரு பஸ் உரசினாப்போல் போனது. பிள்ளை கீழே விழுந்துவிட்டாள். முழங்கையில் சிராய்ப்புதான், ரங்கநாதர் புண்ணியம். ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. காலையில் எழுந்து சைக்கிளை மாடிப்படிக் கம்பியோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டேன்.

மகள் கேட்டாள்: "ஏம்மா, நீ மட்டும் ஓட்டலாம், நான் ஓட்டக் கூடாதா?"

"நான் ஓட்டினப்ப இத்தனை வண்டி இல்லடி" என்றேன்.

"உன்னையும் உங்க அப்பத்தா வேண்டாம்னுதானே சொன்னாங்க? அவங்களுக்கும் உனக்கும் என்னம்மா வித்தியாசம்?"

ஐயா, எனக்குப் பதில் வரவில்லை. அப்பத்தா ஊர் வாய்க்குப் பயந்தது. நான் பஸ்ஸுக்குப் பயந்தேன். பயம் வேறே, பூட்டு ஒண்ணுதான்! (அமைதி, பிறகு கைதட்டல்)

அப்போதுதான் எங்களுக்கு ஒரு வழி கிடைத்தது. திருவானைக்காவலுக்கும் நம்பர் ஒன் டோல்கேட்டுக்கும் நடுவே கொள்ளிடத்தின் மேல் 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலம், உங்கள் எல்லாருக்கும் தெரியும். 2016-ல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள். வண்டியெல்லாம் அங்கே போய்விட்டது. பழைய பாலம் சும்மா கிடந்தது. யார் வந்தார்கள்? காலையில் நடக்கிற பெரியவர்கள் வந்தார்கள். நானும் என் மகளும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். முக்கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஒரு வண்டி கிடையாது, ஒரு ஹாரன் கிடையாது. கீழே மணல், மேலே ஆகாயம், நடுவில் என் மகள் ரெண்டு கையையும் விட்டுவிட்டு ஓட்டுகிறாள்! நான் கத்தவே இல்லை ஐயா. முதல் தடவையாக அவள் ஓட்டுவதைப் பயமில்லாமல் பார்த்தேன்.

அந்த மாதிரி எத்தனை நாள்? 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் பெருவெள்ளம். முக்கொம்பில் மேலணை மதகுகள் அடித்துக்கொண்டு போன அதே மாசம். பழைய பாலத்தின் தூண்கள் சரிந்தன. சைக்கிள் மறுபடியும் மாடிப்படிக்கு வந்தது.

எதிரணி கேட்கும், "ஒரு பழைய பாலத்தை வைத்து ஊருக்கே திட்டம் போட முடியுமா?" என்று. போட்டவர்கள் இருக்கிறார்கள் ஐயா! எங்க சித்தி மகள் புதுச்சேரியில் வாக்கப்பட்டு, இப்போது பிரான்சு தேசத்தில் குடியிருக்கிறாள். ஊர் பேர் தூர். பேருக்கேற்ற மாதிரி ரொம்ப தூரம்! (சிரிப்பு) 2019-ல் ஒரு மாசம் போய் இருந்துவிட்டு வந்தேன். அந்த ஊரை ஒட்டி லுவார் என்று ஒரு ஆறு. வெள்ளத்துக்குப் பயந்து, நம்ம காவிரிக்குப் போட்ட மாதிரியே கரை போட்டிருக்கிறார்கள். ஆற்றை ஒட்டி ஏறக்குறைய 900 கிலோமீட்டருக்கு சைக்கிள் வழி. பல இடங்களில் வண்டியே நுழையாத தனிப் பாதை, மற்ற இடங்களில் வண்டி குறைந்த கிராமத்து ரோடு. எழுபது வயசுத் தாத்தாவும் பாட்டியும் பின்சக்கரத்தில் ரெண்டு பக்கமும் பையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். தங்குகிற ஊரில் சாப்பிடுகிறார்கள், கடையில் வாங்குகிறார்கள், அந்தச் சின்ன ஊர்களுக்கும் பிழைப்பு கிடைக்கிறது.

இதற்காக அவர்கள் எல்லா இடத்திலும் புதுசாக நிலம் பறிக்கவில்லை. ஓடாமல் நின்றுபோன ரயில் பாதையில் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, சைக்கிளுக்கும் நடக்கிறவர்களுக்கும் விட்டார்கள். பர்கண்டிப் பகுதியில் 1997-ல் அப்படி ஒன்றைத் திறந்தார்கள். 'பச்சை வழி' என்று பேர். மோட்டார் வண்டி வரக் கூடாத பாதை என்று 2004-ல் சாலைச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். தெற்கே தூலூஸ் நகரத்திலிருந்து 240 கிலோமீட்டர் ஒரு கால்வாய். 1681-ல் திறந்தது. அன்றைக்குக் கரையில் குதிரை நடந்து படகை இழுத்தது. அந்தக் கரையில் இன்றைக்கு சைக்கிள் போகிறது.

நடுவர் அவர்களே, அவர்கள் பெருமைப்படுகிற கால்வாய்க்கு முந்நூற்று சொச்சம் வயசு. நம்ம உய்யக்கொண்டான் வாய்க்கால் சோழர் காலத்தது! (கைதட்டல்) அவனுக்கு ஒரு லுவார். நமக்கு முக்கொம்பில் பிரிகிற ரெண்டு ஆறு, காவிரி, கொள்ளிடம். ரெண்டு ஆற்றுக்கு நாலு கரை. நடுவிலே ஸ்ரீரங்கம். மேற்கே முக்கொம்பு, கிழக்கே கரிகாலன் பேர் சொல்லும் கல்லணை. இதைவிட அழகான சைக்கிள் வழி உலகத்தில் எங்கே இருக்கு? கரையை நம்ம முன்னோர் போட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சில இடத்தில் தார் போட்டு வண்டி விட்டுவிட்டோம். சில இடத்தில் கருவேல முள்ளை வளர விட்டுவிட்டோம். கரை இருக்கு. வழிதான் இல்லை!

நடுவர்: திருச்சி வெயில்ல சைக்கிள் ஓட்டினா வடகம் மாதிரி காஞ்சு போயிட மாட்டோமாம்மா?

நியாயமான கேள்வி ஐயா. மத்தியானம் ஒரு மணிக்கு யாரையும் ஓட்டச் சொல்லவில்லை. காலை ஆறு மணிக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கும் ஓட்டட்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் வருவதும் ஏறக்குறைய அந்த நேரம்தானே? கரையில் மரம் வையுங்கள், மீதியை மரம் பார்த்துக்கொள்ளும்.

"அகலமான ரோடு போட்டா ஓரத்துல சைக்கிள் போயிடும்" என்றார் எதிரணி அம்மா. எந்த ஓரம்மா? அந்த ஓரத்தில் கார் நிற்குது, காருக்கு ஓரத்தில் இளநீர் வண்டி நிற்குது, இளநீர் வண்டிக்கு ஓரத்தில் உங்க வீட்டுக்காரர் நிற்கிறார்! (சிரிப்பு) அகலம் கூடினால் வேகம் கூடும். வேகம் கூடினால் தாய்க்குப் பயம் கூடும். பயம் கூடினால் சைக்கிளுக்குப் பூட்டு!

வண்டியை நிறுத்தவே முடியாது என்கிறார்களே, சித்திரைத் தேர் வரும்போது சித்திரை வீதியில் ஒரு வண்டி ஓடுமா? ஓடாது. பெருமாளுக்காக அந்த நேரம் வழி விடுகிறோம். குழந்தையும் தெய்வமும் ஒன்று என்று சொல்கிற ஊர் இது. தெய்வத்துக்கு விட்ட வழியைக் குழந்தைக்கும் விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்! (பலத்த கைதட்டல்)

மணி அடித்துவிட்டார்கள், முடித்துக்கொள்கிறேன். என் மகள் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். போன பொங்கலுக்கு வந்தவள், மாடிப்படிக்குக் கீழே போய் அந்த சைக்கிளைப் பார்த்தாள். டயர் வெடித்து, செயின் துருப்பிடித்துக் கிடந்தது. "இதுல மொத்தமா எத்தனை கிலோமீட்டர் ஓட்டியிருப்பேன்மா?" என்று கேட்டாள். கணக்குப் போட்டுப் பார்த்தோம். ரோட்டில் ஓட்டியதைவிட அந்தப் பழைய பாலத்தில் ஓட்டியதுதான் அதிகம்.

நடுவர் அவர்களே, சைக்கிளை அரசாங்கம் கொடுத்துவிட்டது. ஓட்டும் தைரியத்தைப் புதுக்கோட்டைப் பெண்கள் கொடுத்துவிட்டார்கள். கரையைச் சோழர்கள் கொடுத்துவிட்டார்கள். பூட்டைத் திறக்கிற சாவி ஒன்றுதான் பாக்கி, அது தனிப் பாதை. அதுவே முதல் தேவை என்று நல்ல தீர்ப்புத் தாருங்கள். நான் வீட்டுக்குப் போகிற வழியில் அந்த சைக்கிளுக்கு ரெண்டு டயர் வாங்கிக்கொண்டு போகிறேன்.

(நீண்ட கைதட்டல்)