வீட்டுக்குக் காவல் யார்?





தொழுகை, ஜகாத், கல்வி என்று பேசிவரும் மேடையில் பூட்டையும் சாவியையும் பற்றிப் பேசுவது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆனால் மார்க்கம் இதை விட்டுவைக்கவில்லை. இரவில் இறைவன் பெயரைச் சொல்லிக் கதவை அடைக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்திருக்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, அதன்பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டவேண்டும் என்பதும் அவர்களுடைய வழிகாட்டல்தான். நாம் ஆயத்துல் குர்ஸி ஓதிவிட்டுப் படுக்கிறோம். பின்கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டுப் படுப்பது அந்த நம்பிக்கைக்கு மாறானதன்று, அதைச் சேர்ந்ததே.

நம் பாட்டன்மார் தமிழகத்திலிருந்து வந்து ஜொகூரில் கடை வைத்த காலத்தில் பெரும்பாலும் கீழே வியாபாரம், மேலே படுக்கை. எந்நேரமும் அங்கே ஓர் ஆள் இருந்தார். பக்கத்துக் கடைக்காரர் சீனரோ மலாய்க்காரரோ, நம் கடையில் யார் வருகிறார், யார் போகிறார் என்பது அவருக்குத் தெரியும். அந்த மனிதர்கள்தாம் அன்றைய காவல்.

இன்று தம்போய், ஸ்கூடாய், மாசாய், பாசிர் கூடாங் என்று தாமான்களில் பரவி வாழ்கிறோம். கணவர் விடியுமுன் கடற்பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். மனைவியும் வேலைக்குப் போகிறார். பிள்ளைகள் பள்ளியில். பகல் முழுவதும் வீடு வெறுமையாக இருக்கிறது. ரமலானில் குடும்பத்தோடு தராவீஹுக்குப் போகிறோம். அந்த நேரம் ஊருக்கே தெரியும். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் தமிழகம் போகிறோம். உம்ராவுக்குப் புறப்படும்போது விமான நிலையத்தில் எடுத்த படத்தை அங்கிருந்தே முகநூலில் போடுகிறோம். வீட்டில் ஆளில்லை என்ற அறிவிப்பை நாமே கையெழுத்திட்டு ஒட்டுவதைப் போன்றது அது. படத்தைத் திரும்பி வந்து போட்டால் உம்ராவின் நன்மை குறைந்துவிடாது.

நாம் செய்யக்கூடியவை பல, பெரும்பாலானவை செலவில்லாதவை. வெளியூர் போகுமுன் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்கலாம். பெருநாள் காலங்களில் காவல் படையே இதைக் கேட்டுக்கொள்கிறது. அதற்கென்று படிவமும் வைத்திருக்கிறது. வாசலில் கடிதங்கள் குவியாமல் எடுத்துவைக்க ஒருவரிடம் சொல்லலாம். சாவியைப் பூந்தொட்டிக்கு அடியிலோ காலணி அலமாரியிலோ வைக்கும் பழக்கத்தை விடலாம். வரிசை வீடுகளில் முன்வாசலுக்கு இரட்டைப் பூட்டுப் போடும் நாம், பின்சந்தைப் பார்த்திருக்கும் சமையலறைக் கதவைச் சாதாரணத் தாழ்ப்பாளோடு விட்டுவிடுகிறோம். திருடன் தேடுவது அந்தக் கதவைத்தான்.

அடுத்து நகை. பெண்பிள்ளைகளின் திருமணத்திற்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த தங்கம் நம் வீடுகளில் இருக்கிறது. பல ஆண்டு உழைப்பு ஓர் அலமாரிக்குள் அடங்கிவிடுகிறது. அரிசிப் பானைக்குள்ளும் துணி மடிப்புக்குள்ளும் வைப்பது மறைப்பாகாது; அந்த இடங்கள் திருடனுக்கு மனப்பாடம். வங்கிப் பாதுகாப்புப் பெட்டகம் இருக்கிறது. 1992இல் திரெங்கானுவில் தொடங்கி நாடெங்கும் பரவிய அர்-ரஹ்னு அடகு முறையில் வட்டி இல்லை, காப்புக் கூலி மட்டுமே. நீண்ட பயணம் போகும்போது சிறு தொகைக்கு நகையை அங்கே வைத்துவிட்டு நிம்மதியாகப் போகிறவர்கள் உண்டு. வீட்டுப் பொருள்களுக்குத் தக்காஃபுல் எடுத்தவர்கள் பத்திரத்தை ஒருமுறை வாசியுங்கள். நகைக்கு உச்சவரம்பு இருக்கும். பூட்டை உடைத்து நுழைந்த அடையாளத்தையும் கேட்பார்கள். நகைகளைப் படம் எடுத்து, ரசீதுகளோடு வேறோர் இடத்தில் வைத்திருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. திருடனுக்குப் பயந்து எல்லாச் சன்னலுக்கும் இரும்புக் கிரில் போட்டோம். உள்ளேயும் பூட்டினோம். சாவியைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தோம். தீப்பிடித்த வீட்டில் கிரிலைத் திறக்க முடியாமல் குடும்பத்தோடு மாண்டவர்களின் செய்தியை நம் நாட்டில் பலமுறை படித்திருக்கிறோம். ஒரு சன்னல் கிரிலாவது உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்கட்டும். சாவி வெளியே இருப்பவன் கைக்கு எட்டாமலும், வீட்டிலுள்ள எல்லாருக்கும் தெரிந்த இடத்திலும் இருக்கட்டும். போன பொருளைத் திரும்பச் சம்பாதிக்கலாம், உயிரை முடியாது. திருடன் உள்ளே இருக்கிறான் என்று தெரிந்தாலும் இதே கணக்குதான். மோதப் போகாமல், ஓர் அறைக்குள் கதவடைத்து 999ஐ அழையுங்கள்.

பூட்டுக்கு ஓர் எல்லை உண்டு. எந்தப் பூட்டும் உடைபடும். அதை உடைக்கும் சத்தத்தைக் கேட்டு எட்டிப் பார்க்க ஒருவர் வேண்டும். இதை உணர்ந்துதான் 1975இல், துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்தபோது, ருக்குன் தெத்தாங்கா தொடங்கப்பட்டது. ஏறத்தாழ நம் சங்கத்தின் வயது. அந்நாளில் தாமான் ஆண்கள் முறைபோட்டு இரவு ரோந்து போனார்கள். மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே கொட்டகையில் தேநீர் குடித்துக்கொண்டு விழித்திருந்தார்கள். பின்னர் ரோந்து தன்னார்வப் பணியாக மாறியது. 2012இல் ருக்குன் தெத்தாங்காவுக்குத் தனிச் சட்டமே வந்தது. சட்டம் இருக்கிறது, ரோந்துக்குத்தான் ஆள் குறைவு.

ஆள் குறைந்த இடத்தில் பணம் வந்தது. மாதக் கட்டணம், காவல் கூண்டு, தடுப்புக் கம்பம். சிலாங்கூர்க் குடியிருப்பு ஒன்றைப் பற்றிய வழக்கில், ஊராட்சி மன்ற அனுமதியோடு வைத்த தடுப்புக் கம்பத்தைக் கூட்டரசு நீதிமன்றம் 2015இல் ஏற்றுக்கொண்டது. கட்டணம் கட்டாதவர் கம்பத்தைத் தாமே தூக்கிக்கொண்டு போகவேண்டியிருந்தது குற்றமாகாது என்றும் ஆனது. அது சட்டம். நமக்கு அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. கட்டணம் கட்ட முடியாத முதியவரோ கணவரை இழந்த பெண்ணோ நம் தெருவில் இருந்தால், அவருடைய வீடும் நம் காவலுக்குள் வரவேண்டும். அண்டை வீட்டாரின் உரிமை மாத ரசீதைப் பார்த்து வருவதில்லை.

காவல் என்ற பெயரில் சந்தேகத்தையும் வளர்க்கக்கூடாது. தெருவில் நடந்துபோகும் வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளியைப் படம் பிடித்து, திருடன் என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறோம். ஆதாரமில்லாத சந்தேகத்தைத் தவிர்க்கச் சொல்கிறது திருக்குர்ஆன். நம் முன்னோரும் ஒருநாள் இந்த மண்ணில் அந்நியராக நடந்தவர்களே. ஐயமிருந்தால் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். தீர்ப்பை நாம் எழுதவேண்டாம்.

வியாபாரிகளுக்கும் ஒரு சொல். வாங்குபவன் இல்லையென்றால் திருடனுக்குப் பிழைப்பில்லை. ரசீது இல்லாத கைப்பேசி, பாதி விலைக்கு வரும் சங்கிலி, இவை இன்னொரு வீட்டின் கண்ணீர். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணமிருந்தோ வாங்கினால், தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை உண்டு. சட்டம் பிடிக்காவிட்டாலும் அந்த லாபம் ஹலால் ஆகாது.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். இந்த வாரமே உங்கள் வலப்பக்கம், இடப்பக்கம், எதிர்வீடு ஆகிய மூன்று வீட்டாரின் தொலைபேசி எண்களை வாங்கி, உங்கள் எண்ணையும் கொடுங்கள். தராவீஹ் காலத்தில் முஸ்லிமல்லாத அண்டை வீட்டாரிடம் நம் வீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் அவர்கள் ஊருக்குப் போகும்போது அவர்களுடைய வீட்டை நாம் பார்ப்போம். நம் இளைஞர்கள் தத்தம் தாமான் ரோந்தில் பெயர் கொடுக்கட்டும்.

தன் தொல்லையிலிருந்து அண்டை வீட்டார் பாதுகாப்புப் பெறாதவர் முழுமையான நம்பிக்கையாளர் அல்லர் என்று நபிகளார் எச்சரித்தார்கள். நம்மால் தொல்லை இல்லை என்பதோடு நின்றுவிடாமல், நாம் இருப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு என்று சொல்லும் நிலைக்கு வருவோம்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களையும், நம் அண்டை வீட்டாரின் இல்லங்களையும், இந்த நாட்டையும் பாதுகாத்து அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.