குழந்தையின் இதயம்: ஆபரேஷனுக்குப் பின் யார் பொறுப்பு?

(கள்ளக்குறிச்சியில் இளைஞர்கள், வணிகர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



கல்வராயன் மலையிலிருந்து வரும் கடுக்காயையும் புளியையும் தேனையும் எடை போட்டு வாங்குகிறவர்கள் நீங்கள். அதே பஸ்ஸில் சில நாட்களில் ஒரு தாய் குழந்தையோடு இறங்குகிறாள். பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கி நெற்றி வியர்க்கும் குழந்தை. அழுதால் உதடும் நகமும் நீலமாகும் குழந்தை.

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 8 பேருக்கு இதயத்தில் பிறவிக் குறை இருக்கிறது. சுவரில் ஓட்டை, மூடாத இரத்தக் குழாய், குறுகிய வால்வு எனப் பல வகை. கிரகணத்தில் தாய் வெளியே போனதால் வந்தது என்று பழி சொல்லாதீர்கள். கருவுற்ற முதல் இரண்டு மாதத்திலேயே இதயம் உருவாகிவிடுகிறது. சொந்தத்தில் மணம் முடிப்பது ஆபத்தைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுதான் காரணம் என்று எவராலும் சுட்டிக்காட்ட முடியாது.

ஒரு காலத்தில் இத்தகைய நீலக் குழந்தைகளுக்கு வழியே இல்லை. 1944 நவம்பரில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அந்த நிலை மாறியது. யோசனை தந்தவர் ஹெலன் டாசிக் என்ற பெண் மருத்துவர். அறுவை செய்தவர் ஆல்ஃபிரட் பிளேலாக். அவர் பின்னால் நின்று வழிகாட்டியவர் விவியன் தாமஸ். கல்லூரிக்குப் போகப் பணமில்லாமல் போன கறுப்பின ஆய்வுக்கூட ஊழியர் அவர். பட்டம் இல்லாதவரும் உயிர் காக்கத் துணை நிற்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இன்று வழிகள் இருக்கின்றன. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டப்படி, மருத்துவக் குழு அங்கன்வாடிகளில் ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளில் ஒருமுறையும் பரிசோதிக்க வேண்டும். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது.

அப்படியானால் குறை எங்கே? வீட்டாருக்கு விளங்கும்படி சொல்லிக் கொடுப்பதில்தான்! டிஸ்சார்ஜ் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. குழந்தையைத் தூக்கி வளர்ப்பதோ எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி!

அவரிடம் சொல்ல வேண்டியவை இவைதாம். ஆபரேஷனுக்கு முன் சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்கக் கூடாது. நீலக் குழந்தை திடீரென மேலும் நீலமாகித் திணறினால், முழங்கால்களை மடக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நெஞ்செலும்பை அறுத்துச் செய்த ஆபரேஷன் என்றால், எலும்பு கூட 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. காய்ச்சல், காயத்தில் சீழ், மூச்சிரைப்பு, பால் குடிக்க மறுப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். குழந்தை ஓடி விளையாடுகிறதே என்று மருந்தை நிறுத்தக் கூடாது. பல்லைச் சுத்தமாக வைக்க வேண்டும். சொத்தைப் பல்லின் கிருமி இரத்தத்தில் கலந்து இதயத்தைத் தாக்கக்கூடும்.

சொல்லிவிட்டால் போதாது. "நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள் பாட்டி" என்று கேளுங்கள். அவர் வாயிலிருந்து வந்தால்தான் பாடம் ஏறியது என்று பொருள்.

மருந்துக் கடை வைத்திருக்கும் சகோதரர்களே! "அரை ஸ்பூன் கொடும்மா" என்று சொல்லாதீர்கள். ஊசியில்லாத சிரிஞ்சில் எத்தனை மில்லி என்று கோடு போட்டுக் காட்டுங்கள். சீட்டில் உள்ள மருந்து இல்லையென்றால் வேறொன்றை மாற்றிக் கொடுக்காதீர்கள்.

இளைஞர்களே! மஹல்லாவுக்கு இருவர் முன்வாருங்கள். காப்பீட்டு அட்டைக்கு அலையும் குடும்பத்தோடு போய் நில்லுங்கள். சீட்டைத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். வந்திருப்பவர் மலைவாழ் மக்களா, நம்மவரா என்று பார்க்காதீர்கள்.

வணிகர்களே! வர வேண்டிய பாக்கியை நாள் தவறாமல் நினைவில் வைத்திருப்பவர்கள் நாம். அந்த நோட்டிலேயே ஒரு குழந்தையின் மறுபரிசோதனைத் தேதியையும் எழுதி வைப்போம். முந்தின நாள் போன் செய்து, "நாளைக்கு ஆஸ்பத்திரி, மறந்துவிடாதீர்கள்" என்று சொல்வோம். அதற்கு மூலதனம் எதுவும் தேவையில்லை.