விளக்கு வந்தது, மொழி வரவில்லை

(உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



1990இல் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தை இழந்தபோது நாம் பள்ளிச் சிறுவர்கள். ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டு விளக்கேற்றிப் படித்தோம். மின்கலம் தடைசெய்யப்பட்ட பொருள். ஆதலால் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுற்ற, தைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டோம். கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். எரிபொருளின்றி நீரிறைக்கும் இயந்திரங்கள் உறங்கின. நம் தந்தையர் மீண்டும் துலா மிதித்தனர்.

2002இல் ஏ-9 பாதை திறந்தது. பின்னர் கைத்தொலைபேசியும் வந்தது. இன்று அது உழவர் மடியிலும் உண்டு. ஆயினும், அண்மையில் முதிய விவசாயி ஒருவர் அதனை நம்மிடம் நீட்டி, “தம்பி, இதில என்ன எழுதியிருக்கு?” என்றார். பசளை மானியம் பற்றி ஓர் அலுவலகம் அனுப்பிய செய்தி அது. அதில் ஒரு தமிழெழுத்துத்தானும் இல்லை. விண்ணப்பிக்கும் நாளோ கடந்துவிட்டது!

தமிழும் அரச கரும மொழி என 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் விதித்துள்ளது. கருவி புதிது, உரிமை பழையது. அத்தகைய செய்தி வந்தால் அழித்துவிடாதீர்கள், கொண்டுவாருங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுத்திலே விளக்கம் கேட்போம். அன்று தைனமோ சுற்றிய கைகள் இன்று ஒரு மனு எழுதத் தளரலாமா?