இன்சுலின் ஊசிக்குப் பயப்பட வேண்டாம்

(திருகோணமலையில் தோட்டக் குடும்பங்கள் மத்தியில் ஆற்றிய உரை)



1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து இந்தத் துறைமுக மண்ணுக்கு வந்தவர்கள் உங்களில் பலர். இங்கேயும் சரி, லயத்திலும் சரி, ஒரே பேச்சுத்தான்: "இன்சுலின் ஊசி போட்டா கடைசிக் காலம் வந்துட்டுது." இது தவறு.

இன்சுலின் ஒரு பெப்டைட் மருந்து. பெப்டைட் என்பது புரதத்தின் சின்னத் துண்டு. அமினோ அமிலங்களை மணிபோலக் கோர்த்தது. இன்சுலினில் இரண்டு சரமாக 51 மணிகள். விழுங்கினால் வயிறு செரித்துவிடும், அதனால்தான் ஊசி.

1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோவில், சாகக் கிடந்த 14 வயதுப் பையன் லெனார்ட் தாம்சனுக்கு இதைக் கொடுத்தார்கள். மேலும் 13 வருஷம் வாழ்ந்தான்.

சீனி கூடினால் கால் மரத்துப்போகும். கொழுந்து மலையில் முள் குத்தினாலும் தெரியாது, புண் ஆறாது. சிலருக்குக் காலையே எடுக்க வேண்டி வருகிறது. சீனியை அடக்கினால் புண் ஆற வழி பிறக்கும்.

"இளமை திரும்பும், புண் மாயமாகும்" என்று விற்கிற வேறு பெப்டைட் ஊசிகளுக்குக் காசைக் கொடுக்காதீர்கள். அவற்றில் பல, மனிதரிடம் போதிய அளவு சோதிக்கப்படாதவை. அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் இன்சுலின் இலவசம். வீட்டில் பிரிட்ஜ் இல்லையா? ஈர மணல் போட்ட மண்சட்டிக்குள், நிழலில் வையுங்கள். ஐஸில் மட்டும் வைக்காதீர்கள், கெட்டுவிடும்.

இன்றிரவு உங்கள் அம்மா, அப்பாவின் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். சின்னப் புண் இருந்தாலும் நாளைக்கே கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.