வீட்டைச் செக் பண்ண யார் காசு கொடுப்பாங்க?

இன்னைக்கு ஒரு பிசினஸ் கேள்வி. ஹோம் இன்ஸ்பெக்‌ஷன் ஃப்ரான்சைஸ் ஒண்ணு எடுத்து வேலூர்லயோ ஆம்பூர்லயோ ஆபீஸ் போட்டா, கஸ்டமர் யாரு?

வேலை என்னன்னு முதல்ல பார்த்துடலாம். நீங்க வாங்கப் போற வீட்டுக்கு ஒருத்தர் ஈரப்பதம் பாக்குற மீட்டர், தெர்மல் கேமரா எல்லாம் எடுத்துட்டு வருவார். ஒழுகல், விரிசல், வயரிங், பிளம்பிங்னு எல்லாத்தையும் பார்த்து ரிப்போர்ட் கொடுப்பார். அமெரிக்காவுல இது பழைய தொழில். அங்க இன்ஸ்பெக்டர்களோட சங்கம் 1976-லயே ஆரம்பிச்சாச்சு.

அங்க ஒரு சுவாரசியமான சிக்கல் இருக்கு. காசு கொடுக்குறது வீடு வாங்குறவர். ஆனா இன்ஸ்பெக்டருக்கு ஆள் அனுப்புறது பெரும்பாலும் ரியல் எஸ்டேட் ஏஜென்ட். ரிப்போர்ட் ரொம்ப கடுமையா இருந்தா டீல் உடையும், அடுத்த முறை அந்த ஏஜென்ட் ஆள் அனுப்ப மாட்டார். அதனால மாசசூசெட்ஸ் மாநிலத்துல, விக்கிறவர் பக்கம் இருக்குற ஏஜென்ட் குறிப்பிட்ட ஒரு இன்ஸ்பெக்டரைக் கைகாட்டக் கூடாதுன்னு சட்டமே போட்டுட்டாங்க. நம்ம சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, யூசர் வேற, கஸ்டமர் வேற.

பெங்களூரு, சென்னையில இந்த சர்வீஸ் இருக்கு. அங்க முக்கியமான கஸ்டமர், பில்டர்கிட்ட சாவி வாங்கப் போற ஃபிளாட் ஓனர். அவருக்குச் சட்டமும் கை கொடுக்குது. 2016-ல வந்த ரெரா சட்டத்தோட 14-வது பிரிவுப்படி, வீட்டை ஒப்படைச்ச 5 வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறை தெரிஞ்சா, சொன்ன 30 நாளுக்குள்ள பில்டர் தன் செலவுல சரி பண்ணணும். அப்போ இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டுக்கு ஒரு மதிப்பு இருக்கு.

இப்போ ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் வாங்க. இங்க நிறைய பேர் மனை வாங்கி, மேஸ்திரியைப் புடிச்சு, தாங்களே கட்டுறாங்க. சொந்த மனையில சொந்தமா கட்டுற வீட்டுக்கு ரெரா கிடையாது. பேங்க்ல லோன் போட்டா ஒரு இன்ஜினியர் வந்து பார்ப்பாரே, அது போதாதான்னு கேப்பீங்க. போதாது. அவர் பாக்குறது பேங்க்குக்காக: கொடுக்குற கடனுக்கு இந்தச் சொத்து ஈடாகுமா, வேலை எந்த அளவுல இருக்குன்னு. உங்க பாத்ரூம் ஒழுகுமாங்கிறது அவர் கேள்வி இல்ல.

இந்த ஊருக்குன்னு இன்னொரு விஷயமும் இருக்கு. உப்பு. பச்சைத் தோல் கெட்டுப் போகாம இருக்க உப்புப் போட்டுத்தான் வைக்கிறாங்க. டேனரியில ஊறவைக்கும்போது அந்த உப்பு தண்ணியில இறங்கிடும். சாதாரண சுத்திகரிப்புல கரைஞ்ச உப்பு போகாது. பல வருஷமா இப்படி பாலாத்துப் படுகையில இறங்கின கழிவுக்காகத்தான் வேலூர் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கு. 1996-ல சுப்ரீம் கோர்ட் அதுல கொடுத்த தீர்ப்பை இன்னைக்கும் சட்டக் கல்லூரியில படிக்கிறாங்க. 2025 ஜனவரியிலயும் இதே பாலாறு மாசு பத்தி ஒரு தீர்ப்பு வந்துச்சு.

இதுக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்? கான்கிரீட்டைப் போர் தண்ணியிலதான் கலக்குறோம். தண்ணியில குளோரைடு அதிகம் இருந்தா உள்ள இருக்குற கம்பி துரு புடிக்கும். துரு புடிச்ச கம்பி உப்பும், மேல இருக்குற கான்கிரீட் பெயர்ந்து விழும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதுன்னு ஐ.எஸ். 456 சொல்லுது. ஆனா வேற வழியில்லாத இடத்துல குடிக்கிற தண்ணிக்கே 1000 மில்லிகிராம் வரைக்கும் அனுமதி இருக்கு. அதாவது, 'நாங்க இதைத்தானே குடிக்கிறோம்'னு சொல்லி அதை வச்சுக் கான்கிரீட் போட முடியாது.

அதனால, பெங்களூரு பிசினஸை அப்படியே இங்க காப்பி பேஸ்ட் பண்ணா வேலைக்கு ஆகாது. சாவி கொடுக்குற அன்னைக்கு வந்து பார்த்தா, தண்ணி, கம்பி எல்லாம் பூச்சுக்குள்ள போயிருக்கும். இங்க செக் பண்ண வேண்டியது நாலு நேரத்துல: வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி தண்ணி, அஸ்திவாரம், ரூஃப் கான்கிரீட் போடுறதுக்கு முந்தின நாள், பூச்சு வேலைக்கு முன்னாடி. கஸ்டமர், வீடு வாங்குறவர் இல்ல. வீடு கட்டப் போறவர். ஷூ கம்பெனியில லைன்ல நின்னு சம்பாதிச்சு லோன் போடுற அக்கா. வெளிநாட்டுல இருந்து பணம் அனுப்பிட்டு, வீடியோ கால்ல சுவரைப் பாக்குற அண்ணன்.

அவங்க காசு கொடுப்பாங்களா? அதுதான் கஷ்டமான கேள்வி. மேஸ்திரி தெரிஞ்சவரா இருப்பார். வெளியாளைக் கூட்டிட்டு வந்தா, 'என் மேல நம்பிக்கை இல்லையா'ன்னு கேப்பார். ஆனா இதே ஊர்லதான் ஷூ கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி பையர் ஆள் வந்து பெட்டியைத் திறந்து தையல், ஒட்டு, சைஸ் எல்லாம் பாக்குறார். அதை யாரும் அவமானமா எடுத்துக்கிறது இல்ல. வேலையோட ஒரு பகுதி, அவ்வளவுதான். ஒரு ஜோடி ஷூவுக்கு இருக்குற அந்த உரிமை, வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டுற வீட்டுக்கும் இருக்கலாமே?

ஃப்ரான்சைஸ் எடுக்க நினைக்கிறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. மேஸ்திரிகிட்டயோ சிமென்ட் கடையிலயோ கமிஷன் பேசி ஆள் புடிக்காதீங்க. அமெரிக்க ஏஜென்ட் கதை இங்கயும் நடக்கும்.

வீடு கட்டப் போறவங்களுக்கு, ஃப்ரான்சைஸ் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட ஆய்வகத்துல கட்டணம் கட்டி போர் தண்ணியை டெஸ்ட் பண்ணலாம். மேஸ்திரிகூட ஒரு எழுத்து ஒப்பந்தம் போடுங்க. 2019 நுகர்வோர் சட்டத்துல வீடு கட்டிக் கொடுக்குறதும் ஒரு 'சேவை'தான். பிரச்சினைன்னு வந்தா கையில பேப்பர் இருக்கணும். ரூஃப் போடுறதுக்கு முந்தின நாள், மேஸ்திரிக்குச் சம்பந்தமில்லாத ஒரு சிவில் இன்ஜினியருக்கு நீங்களே ஃபீஸ் கொடுத்துக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. கம்பிக்கு அடியில கவர் பிளாக் வச்சிருக்காங்களான்னு நீங்களும் குனிஞ்சு பாருங்க.

உங்க ஊர்ல வீடு கட்டும்போது தண்ணி டெஸ்ட் பண்ணாங்களா? வீட்ல கேட்டுட்டு எங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.