கலங்கலா இருந்தா கொட்டிடணுமா?

இந்த எபிசோட் ஒரு வாய்ஸ் நோட்டுக்குப் பதில். அனுப்பினவர் மன்னார்குடிக்காரர், இப்ப மெல்போர்ன்ல வேலை. வீட்லயே பியர் தயாரிச்சு ரெண்டு டஜன் பாட்டில் அடைச்சு வச்சிருக்கார். ஊர் ஞாபகத்துல பார்லியோட கொஞ்சம் பொன்னி அரிசியும் சேர்த்திருக்கார். இப்போ பாட்டில் அடியில வண்டல், மேல ஒரே கலங்கல். "மெத்தனாலா இருக்குமோன்னு அம்மா பயப்படுறாங்க, கொட்டிடவா?"ன்னு கேட்கிறார்.

முதல்ல சட்டம். ஆஸ்திரேலியாவுல சொந்த உபயோகத்துக்கு வீட்ல பியர் தயாரிக்கலாம். தமிழ்நாட்டுல முடியாது. 1937-ம் வருஷ மதுவிலக்குச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம மது தயாரிக்கிறது குற்றம். அதனால தஞ்சாவூர்ல, திருவாரூர்ல இருந்து கேட்கிறவங்க இதை விஷய ஞானமா மட்டும் எடுத்துக்கோங்க.

இப்ப அம்மாவோட பயத்துக்கு வருவோம். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல செத்தாங்க. சாராயத்துல மெத்தனால் கலந்திருந்தது. ஆனா மெத்தனால் பார்க்கத் தண்ணி மாதிரி பளிச்சுன்னு இருக்கும். கலங்கலை வச்சு அதைக் கண்டுபிடிக்க முடியாது. பார்லியும் அரிசியும் புளிச்சு வர்ற பியர்ல மெத்தனால் ரொம்ப ரொம்பக் கொஞ்சம். வெளியில இருந்து யாராவது ஊத்தினாத்தான் அது விஷமாகும்.

தெளிவு வேற, பாதுகாப்பு வேற. இது டெல்டாக்காரங்களுக்குப் புரியாத விஷயம் இல்ல. மேட்டூர் திறந்து காவிரியில புதுத்தண்ணி வரும்போது செக்கச்செவேல்னு கலங்கி வரும். அந்தக் காலத்துல தேத்தாங்கொட்டையை மண்பானைக்குள்ள உரசிவிட்டுத் தண்ணியை ஊத்தி வைப்பாங்க. மிதக்கிற மண் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, கனமாகி, அடியில தங்கிடும். தண்ணி தெளிஞ்சிடும், ஆனா கிருமி போகாது. அதுக்குக் காய்ச்சித்தான் ஆகணும். இங்கிலாந்துல பியரைத் தெளிய வைக்க ஐசிங்கிளாஸ்னு ஒண்ணு போடுவாங்க. மீனோட காற்றுப்பையில இருந்து எடுக்கிறது. அது ஈஸ்ட்டைத் திரட்டிக் கீழே இறக்கும். அங்கேயும் கண்ணுக்குத்தான் தெளிவு, கெட்டுப்போன பியர் நல்லதாகாது.

சரி, அந்தப் பாட்டில்ல இருக்கிறது என்ன?

அடியில இருக்கிற வெளுத்த வண்டல் ஈஸ்ட். மூடி போடும்போது கொஞ்சம் சர்க்கரை சேர்க்கிறோம் இல்லையா, அதை ஈஸ்ட் தின்னு கேஸ் உண்டாக்கிட்டு அடியில படுத்துடும். பாட்டிலுக்குள்ளயே நுரை கட்டுற பியர்ல இது இல்லாம இருக்காது. குடிச்சா ஆபத்தில்ல, சிலருக்கு வயிறு உப்பும், அவ்வளவுதான்.

மேல இருக்கிற கலங்கல் மூணு விதமா இருக்கலாம்.

ஒண்ணு, ஃபிரிட்ஜ்ல வச்சா கலங்கும், வெளியில வச்சா தெளியும். புரதமும் தானியத்தோட துவர்ப்புச் சத்தும் குளிர்ல சேர்றதால வர்றது. விட்டுடுங்க.

ரெண்டு, எந்தச் சூட்டுலயும் மாறாத கலங்கல். அரிசி போட்டதால எனக்கு இதுமேலதான் சந்தேகம். அரிசி மாவுச்சத்து தானா சர்க்கரை ஆகாது. குழைய வேகவச்சு, முளைகட்டி உலர்த்தின பார்லியோட 65 டிகிரி வாக்குல ஒரு மணிநேரம் வச்சாத்தான் ஆகும். அடுத்த தடவை அந்தக் கட்டத்துல ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் தட்டுல விட்டு, அயோடின் ஒரு சொட்டு விடுங்க. கருநீலமானா மாவு மிச்சம் இருக்குன்னு அர்த்தம். சோதிச்ச சொட்டைத் திரும்ப ஊத்தாதீங்க.

மூணாவதுதான் கவலைப்பட வேண்டியது. வாரத்துக்கு வாரம் கலங்கல் கூடுது, கழுத்துல வளையம் மாதிரி படியுது, திறந்தா நுரை பீய்ச்சி அடிக்குது. வேண்டாத கிருமியோ காட்டு ஈஸ்ட்டோ உள்ளே வேலை செய்யுது. மிஞ்சின மாவுச்சத்தையும் சிலது விடாம தின்னும். பாட்டிலுக்குள்ள அழுத்தம் ஏறும். கண்ணாடி வெடிச்சா கண்ணு போகும். வீட்டு பியர்ல நிஜமான ஆபத்து இதுதான்.

அதனால நண்பரே, இன்னைக்கே ஒரு வேலை செய்யுங்க. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தடிமனான கையுறை போட்டுக்கிட்டு எல்லாப் பாட்டிலையும் ஃபிரிட்ஜுக்கு மாத்துங்க. குளிர்ந்தா அழுத்தம் குறையும், ஈஸ்ட்டும் அடங்கும். மறுநாள் ஒண்ணைத் துணி போட்டு மூடி, முகத்தைத் தள்ளி வச்சு, சிங்க்ல திறங்க. பீய்ச்சி அடிச்சா மத்ததையும் அதே மாதிரி குளிர்ந்தபடியே திறந்து கொட்டிடுங்க, மனசு கேட்காதுதான். அமைதியா நுரை வந்து, வாசனையும் சரியா இருந்தா, மத்ததை நிமிர்த்தி ரெண்டு நாள் வைங்க. நடுவுல நிறுத்தாம ஒரே சாய்ப்புல ஊத்துங்க. அடியில ஒரு விரல்கடை விட்டுடுங்க. கோதுமை பியர்ல மட்டும் அந்த வண்டலையும் கலக்கி ஊத்துற பழக்கம் ஜெர்மனியில உண்டு.

அடுத்த தடவை அடைக்கிறதுக்கு முன்னாடி ஹைட்ரோமீட்டர் வச்சுப் பாருங்க. பால் சொசைட்டியில லாக்டோமீட்டர் மிதக்க விடுவாங்களே, அதோட சொந்தக்காரன். மூணு நாள் தொடர்ந்து ஒரே அளவு காட்டினா நொதிச்சு முடிஞ்சதுன்னு பொதுவா நம்பலாம். அப்புறம் லிட்டருக்கு ஆறு கிராம் வாக்குல சர்க்கரை போதும்.

அம்மாகிட்ட சொல்லுங்க: கலங்கலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனா மூடியைத் திறக்கும்போது பக்கத்துல நிக்க வேண்டாம்.